அளவுகோலும் அறவினாவும்: ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ முதல் ஆட்டமும் தொடர்ச்சியும் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

பாத்திரமேற்புக் கணினி விளையாட்டு ஒன்றின் தொடர்ச்சியைக் கதை, வரைகலை, நீளம் ஆகியவற்றைக் கொண்டே முதல் ஆட்டத்துடன் ஒப்பிடுவது வழக்கம். ஆட்டக்காரரின் செயலை மதிப்பிடும் விதியும் ஒப்பீட்டிற்கு உரியதே. அந்நோக்கில், பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ (2003), அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய அதன் தொடர்ச்சி ‘தி சித் லார்ட்ஸ்’ (2004) ஆகிய இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் ஆட்டம்: புள்ளியாகும் அறம்

முதல் ஆட்டத்தில் நற்செயல் ஒளிப்பக்கப் புள்ளியாகவும் தீச்செயல் இருட்பக்கப் புள்ளியாகவும் கணக்கிடப்பெறும். டாரிஸ் என்னும் கோளில், கடனைத் தீர்க்க இயலாத முதியவர் ஒருவருக்குப் பணம் கொடுத்தால் ஒளிப்பக்கப் புள்ளி சேரும். பின்னர் டாரிஸ் குண்டுவீச்சில் அழிகிறது; புள்ளி மட்டும் அழிவதில்லை. ஈந்தவரின் தகுதி கணக்கில் ஏறுகிறது; பெற்றவரின் கதி ஏறுவதில்லை. எனினும் கதையும் விதியும் இங்கு ஒத்திசைகின்றன. தாமே ரெவான் என்று அறிந்தபின் ஆட்டக்காரர் இரு பக்கங்களுள் ஒன்றைத் தேர்வதே கதையின் உச்சம்.

தொடர்ச்சி: ஈகையின் பின்விளைவு

தொடர்ச்சியில், நார் ஷாடாவில் இரவலன் ஒருவன் பணம் கேட்கிறான். கொடுத்தால், அப்பணத்தின் பொருட்டு அவன் தாக்கப்படுகிறான். கடுமையாக மறுத்தால், அவனே பிறனைத் தாக்குகிறான். உடன்வரும் கிரேயா என்னும் மூதாட்டி இரண்டையும் கண்டிக்கிறாள். சிறு செயலின் அலை எதுவரை செல்லும் என எண்ணாமை அவள் காட்டும் குற்றம். முதல் ஆட்டம் கணக்கில் கொள்ளாத பெற்றவரின் கதி, இங்கு வினாவின் மையமாகிறது.

ஆயினும், ஒளி-இருள் அளவுகோலைத் தொடர்ச்சி கைவிடவில்லை. கிரேயாவே வழங்கும் உயர்நிலைப் பயிற்சி, அளவுகோலின் ஏதேனும் ஒரு முனையை நோக்கிப் போதிய அளவு சாய்ந்தவருக்கே கிட்டும். நடுவில் நிற்பவருக்குக் கிட்டாது. அவள் சொல் ஐயுறுவதை, அவள் வழியாகவே விதி பரிசளிக்கிறது.

முடிவுரை

தொடர்ச்சியின் குறையாகப் பெரிதும் சுட்டப்படுவது அவசரமாக முடிக்கப்பட்ட அதன் இறுதிப்பகுதி. நீக்கப்பட்ட காட்சிகளை ஆர்வலர்கள் பின்னாளில் மீட்டுச் சேர்த்தனர். மேற்கண்ட முரணை அவ்வாறு நீக்க இயலாது. அது முதல் ஆட்டத்தின் விதியோடு வந்தது. வினாவின் ஆழத்தில் தொடர்ச்சியும், சொல்லும் விதியும் பொருந்துவதில் முதல் ஆட்டமும் மேம்படுகின்றன. எனவே, தொடர்ச்சி ஒன்றை மதிப்பிடும் திறனாய்வு, அது புதிதாகக் கூறுவதோடு, மாற்றாமல் ஏற்றுக்கொண்ட விதியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.