மயில்தண்டுத் தக்கை

தூண்டில் தக்கைக்கு மயிலிறகுத் தண்டை விட்டால் வேறு இல்லை என்பது என் கட்சி. நெட்டி மிதக்கும், செருப்பு ரப்பர் மிதக்கும், தெர்மாகோலும் மிதக்கும். மிதப்பதா பெரிது? அடியில் மீன் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். செருப்புத் துண்டு, மீன் இழுத்துக்கொண்டு போன பிறகு சொல்லும். மயில்தண்டு, மீன் வாய் வைக்கும்போதே சொல்லிவிடும்.

என் மாமா செய்த தக்கைகள்தான் எனக்கு இன்றும் அளவுகோல். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்துக்குக் கீழே, சுழல் அடங்கிய கரையாகப் பார்த்து உட்காருவார். உதிர்ந்த இறகைத்தான் எடுப்பார். அடிக்குழாய் வெறும் கூடு, அதைக் கழித்துவிட்டு, வெள்ளைச் சோறு நிறைந்த பகுதியில் நாலு விரற்கடை நறுக்குவார். தூவலைப் பிடுங்க விடமாட்டார். பிடுங்கினால் தோல் உரிந்து சோறு வெளியே தெரியும். தண்ணீர் குடித்துத் தக்கை கனத்துவிடும். புது பிளேடால் தண்டோடு ஒட்டச் சீவ வேண்டும். சைக்கிள் வால்வு ட்யூபில் இரண்டு வளையம் நறுக்கித் தூண்டில் நரம்போடு மாட்டிவிட்டால், ஆழம் மாற்ற முடிச்சை அவிழ்க்கவே வேண்டாம், ஏற்றி இறக்கினால் போதும். நுனிக்கு அத்தையின் சிவப்பு நகச்சாயம். பிறகு வாளித் தண்ணீரில் விட்டு, ஈயத்தை இம்மி இம்மியாகச் சீவி, நகக்கண் அளவு மட்டும் வெளியே தெரியும்வரை சரிபார்ப்பார். இந்தக் கடைசி வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் மயில்தண்டைக் குறை சொல்கிறார்கள்.

அப்படி அமைந்த தக்கையைப் படிக்கலாம். விடாமல் நடுங்கினால் ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இன்று எந்தக் குட்டையிலும் அதன் ராஜ்ஜியம்தான். "அது ஜிலேபி மாப்ளே, புழுவ உருவிக்கிட்டு இருக்கு" என்பார் மாமா, கழியைத் தொடாமலே. கெளுத்திக்கு யோசனை கிடையாது, ஒரே இழு. எனக்கு உயிர், தக்கை எழும்புகிற கடிதான். தரையில் மேயும் மீன் இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும். ஈயத்தின் பாரம் தக்கையை விட்டு நீங்கும். அமிழ்ந்து நின்ற தண்டு மெல்ல உயர்ந்து, தண்ணீர்மேல் படுத்துவிடும். பழகாதவர்கள் மீன் போய்விட்டது என்று நினைப்பார்கள். சுண்ட வேண்டிய நொடி அதுதான். கனத்த தக்கையில் இந்தக் கடி தெரியவே தெரியாது.

தக்கைக்கு அடுத்தது கழி. குறுந்தொகை 54ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் மறைந்துபோய், பாட்டில் வரும் உவமையாலேயே மீனெறி தூண்டிலார் ஆனார். கவண்கல் ஒலிக்கு வெருண்ட யானை, தின்றுகொண்டிருந்த மூங்கிலைக் கைவிடுகிறது. வளைந்த மூங்கில் தூண்டில்கழி போல விசைத்து நிமிர்கிறது. கரையில் உட்கார்ந்து பார்த்தவர் கண்ணுக்குத்தான் அது பட்டிருக்கும். மூங்கில் கழியின் அந்த விசைப்பு ஃபைபர் கழிகளில் எனக்குக் கிடைத்ததில்லை. தூண்டில் முள் விஷயத்தில் மட்டும் பழமை பேசமாட்டேன். நார்வேயின் மஸ்டாட் கம்பெனி 1877 முதல் முள் செய்கிறது. நம் ஊர்ப் பட்டறை முள் அந்தக் கூருக்கு வராது.

ரப்பர் தவளை வீசி விரால் பிடிக்கும் இளைஞர்கள், தக்கை பார்ப்பது தூங்குமூஞ்சி வேலை என்கிறார்கள். விரால் தண்ணீர்ப் பரப்பைக் கிழித்துக்கொண்டு வந்து தவளையை அடிப்பது பேரழகு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மீன் முடிவெடுத்த பிறகுதான் நமக்குச் செய்தி வருகிறது. அது தயங்குவதும், மோந்து பார்ப்பதும், விலகிப் போய்த் திரும்பி வருவதும் தக்கைக்காரனுக்கு மட்டுமே தெரியும். கழி நுனியில் மணியைக் கட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

பேட்டரியில் மின்சாரம் பாய்ச்சி மீன் எடுக்கிறவர்களைத் தூண்டில்காரர்கள் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம். குஞ்சும் சினையும் சேர்ந்தல்லவா சாகின்றன. எனக்கு ஆறாதது தூண்டில்காரர்களே செய்வது. விரால் குஞ்சுக்கூட்டம் செக்கச்செவேலென்று மேலே வந்து வந்து காற்றுக் குடிக்கும், பெற்ற மீன் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே தவளையைப் போட்டால் காவல்மீன் பசிக்காக அடிப்பதில்லை, விரட்டுவதற்காக அடிக்கிறது. ஏமாறாமல் இருக்க அதற்கு வழியே கிடையாது. காவல் போனதும் கெண்டையும் கொக்கும் அத்தனை குஞ்சையும் பொறுக்கித் தின்றுவிடும். அந்தச் சிவப்பைக் கண்டால் மாமா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுவார். இப்போதோ அதைக் கண்டதும்தான் போன் போட்டு ஆள் கூப்பிடுகிறார்கள்.