திவானாக்கு: தொலைந்தது யார், தொலைத்தது யார்?

1

'தொலைந்துபோன நாகரிகம்' என்பது கேட்பதற்கு எழவு வீட்டில் சொல்கிற வார்த்தை மாதிரி இருக்கிறது. எழவுக்கு வந்திருப்பது யார், செத்ததாகச் சொல்லப்படுவது யார் என்று விசாரித்தால்தான் இந்தச் சொல்லின் அரசியல் புரியும்.

பொலிவியாவில் டிட்டிகாக்கா ஏரியின் தென்கரைக்குச் சற்றுத் தள்ளி, சுமார் 3,850 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது திவானாக்கு. இன்காக்கள் பேரரசாகத் தலையெடுத்தது 15ஆம் நூற்றாண்டில். அதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில், ஆண்டீஸ் மலைப்பகுதியின் பெரும் மையங்களில் ஒன்றாக இருந்த நகரம் இது. அகபானா என்னும் அடுக்கு மேடை, கலாசசாயா முற்றம், சுவரெங்கும் கல்தலைகள் பதித்த பள்ளக் கோயில், ஒற்றைக் கல்லில் செதுக்கிய 'சூரிய வாசல்', கொஞ்சம் தள்ளி பூமாபுங்குவின் சிதறிய கற்கள். இவற்றைச் சுற்றி உருளைக்கிழங்கு பயிரிட்டுக்கொண்டு, ஆடும் லாமாவும் மேய்த்துக்கொண்டு அய்மாரா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஜனங்கள் இருக்கிறார்கள், நாகரிகம் மட்டும் தொலைந்துவிட்டது என்றால் அந்த ஜனங்களை எந்தக் கணக்கில் வைப்பது? எந்தக் கணக்கிலும் வைக்க வேண்டாம் என்பதற்குத்தான் அந்தச் சொல்.

2

1549இல் சியசா தெ லெயோன் என்னும் ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் அங்கே போகிறார். 'இதையெல்லாம் இன்காக்களா கட்டினார்கள்?' என்று ஊர்க்காரர்களைக் கேட்கிறார். அவர்கள் சிரித்தார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். இன்காக்களுக்கு எத்தனையோ காலம் முந்தியது இது, ஒரே ராத்திரியில் தோன்றியது என்று முன்னோர்கள் சொல்லக் கேள்வி என்பது அவர்கள் சொன்ன பதில். நமக்கு முக்கியம் அந்தச் சிரிப்பு. எது முந்தியது, எது பிந்தியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அகழாய்வு வந்து நிறுவுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே.

ஆனால் பின்னால் வந்த வெள்ளை அறிஞர்கள் பலர் ஊர்க்காரனைக் கேட்கவே இல்லை. வியன்னாவில் பிறந்து பொலிவியாவில் குடியேறிய பொறியாளர் ஆர்தர் போஸ்னான்ஸ்கி கலாசசாயாவின் கற்களைச் சூரியனோடு பொருத்திக் கணக்குப் போட்டு, நகரத்துக்கு வயது பதினைந்தாயிரம் ஆண்டுக்கு மேல் என்றார். பழமையை ஏற்றிச் சொன்னது பெருமை சேர்க்கத்தானே என்று நினைக்கலாம். இல்லை. வயது ஏற ஏற, எதிரே நிற்கிற அய்மாராவுக்கும் அந்தக் கல்லுக்கும் உள்ள தூரமும் ஏறுகிறது. இதைக் கட்டியது வேறு உயர்ந்த இனம், இப்போது இருப்பவர்கள் சீரழிந்த கூட்டம் என்பதுதான் அவருடைய முடிவு. அவர் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டு 1928இல் வந்த ஜெர்மானியர் எட்மண்ட் கிஸ், ஒரு கல்தலையில் நோர்டிக் முகத்தையே கண்டுபிடித்துவிட்டார். ஹிம்லரின் 'அனெனெர்பே' ஆராய்ச்சி நிறுவனம் அவர் தலைமையில் பெரிய பயணமே திட்டமிட்டது. உலகப் போர் மூண்டதால் அது கைவிடப்பட்டது.

அப்புறம் 1968இல் எரிக் ஃபான் டேனிக்கன். வெள்ளை இனம் போய் விண்வெளிக்காரன் வந்தான். இனவாதம் வெட்கப்பட வேண்டிய விஷயமாகிவிட்ட காலத்தில் அதற்கு மாட்டிவிட்ட விண்வெளி உடுப்பு இது. பூமாபுங்குவின் கற்களைக் காட்டி 'மனுஷனால முடியுமா?' என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த மனுஷனால முடியாது என்கிறீர்கள்? கொலோன் தேவாலயத்தைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லையே! ப்ரோட்சன், நாயர் இருவரும் கல் உளிகளைக் கொண்டே செதுக்கிப் பார்த்து அந்த வேலைமுறையை ஆராய்ந்தார்கள். 2018இல் அலெக்ஸெய் விரானிச் சிதறிய கற்களின் சிறிய முப்பரிமாண அச்சு மாதிரிகளைப் பொருத்திப் பார்த்துக் கட்டடத்தின் அமைப்பை மீட்டெடுத்தார். இவையெல்லாம் மனிதக் கை செய்த காரியங்கள்.

இந்தக் கதையின் உச்சகட்டக் கேலி தோர் ஹெயர்டாலுடையது. தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து வந்து அமெரிக்காவுக்கு நாகரிகம் கொடுத்தார்கள் என்று நம்பியவர் அவர். 1969இல் அவருடைய நாணல் கப்பல் 'ரா' அட்லாண்டிக்கின் பாதிக்கு மேல் வந்து குலைந்துபோனது. மறு ஆண்டு 'ரா 2' கட்டுவதற்கு அவர் யாரைக் கூப்பிட்டார்? டிட்டிகாக்கா ஏரியின் அய்மாரா படகுக்காரர்களை. கப்பல் கரை சேர்ந்தது. எந்த ஜனங்களுக்கு நாகரிகம் வெளியிலிருந்து வந்தது என்றாரோ, அவர்கள் கைத்தொழில்தான் அவரைக் கரை சேர்த்தது.

3

அந்நியன் திருடினான், சொந்த அரசு மீட்டது என்று முடித்துக்கொள்ள முடிந்தால் நமக்கெல்லாம் நிம்மதிதான். அப்படி முடியவில்லை.

1932இல் வெண்டல் பென்னட் என்னும் அமெரிக்கர் 7 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு கற்சிலையைத் தோண்டியெடுத்தார். கொஞ்ச நாளில் அது தலைநகர் லா பாஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்த நாளில் படிப்பறிவில்லாதவருக்கு ஓட்டில்லை. அதாவது அய்மாரா மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டில்லை. பண்ணையார் வீட்டில் கூலியில்லாமல் முறைவேலை செய்ய வேண்டும். கல் இந்தியன் தலைநகரில் நிற்கலாம். உயிருள்ள இந்தியன் பண்ணையில் கிடக்க வேண்டும். அந்தச் சிலை திவானாக்குவுக்குத் திரும்பியது 2002இல்.

1952 புரட்சி ஓட்டுரிமை கொடுத்தது, 1953இல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. கூடவே 'இந்தியன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விவசாயி' என்றது. இழிசொல் போனது நல்லதுதான். மொழி, வழிபாடு, ஊர்க்கூட்டு எல்லாமும் சேர்ந்து வர்க்கம் என்ற ஒற்றைப் பெயருக்குள் மறைந்தன. இதே காலத்தில்தான் கார்லோஸ் போன்ஸே சான்ஹினேஸ் தலைமையில் தேசியத் தொல்லியல் எழுகிறது. 1960களில் கலாசசாயாவின் சுவர்கள் திரும்ப எழுப்பப்பட்டன. அவை ஆதாரத்தை மீறிக் கட்டப்பட்டவை என்று பிற்கால ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். தேசத்துக்கு ஒரு முழுச் சுவர் தேவைப்பட்டது, கட்டிக்கொண்டார்கள். செத்துப்போன இந்தியன் தேசத்தின் தாத்தா. உயிரோடிருப்பவன் வளர்ச்சிக்கு இழுத்துவரப்பட வேண்டிய விவசாயி.

இதற்கு எதிர்க்குரல் 1973இல், பன்செர் ராணுவ ஆட்சியின் நடுவே எழுந்தது. அய்மாரா அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைக்கு 'திவானாக்கு அறிக்கை' என்றே பெயர். பொருளாதாரச் சுரண்டலும் பண்பாட்டு ஒடுக்குமுறையும் ஒன்றையொன்று தாங்குகின்றன, சொந்த நாட்டில் நாங்கள் அந்நியர் என்பது அதன் சாரம். இந்தக் கட்டாரிய மரபிலிருந்து வளர்ந்த வாய்மொழி வரலாற்றுப் பணியில் முக்கியமானவர் சில்வியா ரிவேரா குசிகான்கி. நம் நாட்டு அடித்தள மக்கள் ஆய்வுக் கட்டுரைகளை 1997இல் ஸ்பானிய மொழியில் தொகுத்து வெளியிட்டவர்களில் ஒருவரும் அவரே.

2006இல் இவோ மொராலெஸ் பதவியேற்புக்கு முந்தின நாள் திவானாக்குவில் சடங்கு செய்துகொண்டார். ஐந்நூறு வருஷ அவமானத்துக்குப் பிறகு அந்தக் காட்சி எத்தனை பேர் கண்ணைக் கலங்க வைத்திருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அகபானாவில் செய்த புனரமைப்பு, மூலக் கட்டடத்துக்குப் பொருந்தாத மண்பூச்சு என்று 2009இல் சர்ச்சையானது. கல்லின் முன் நிற்கிறவன் மாறினாலும் கல்லிடம் அரசு கேட்கிற வேலை மாறுவதில்லை.

4

சரி, பெருமைதான் வேண்டுமென்றால் எதில் தேடுவது? கற்களைவிட வயல்களில் சொல்ல நிறைய இருக்கிறது. திவானாக்குவைச் சுற்றிய சமவெளிகளில் 'சுக்கா கொல்லு' என்னும் மேட்டுப்பாத்திகள் உண்டு. நீளமான பாத்திகள், இடையிடையே கால்வாய்கள். பகலில் கால்வாய்த் தண்ணீர் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. ராத்திரி உறைபனி இறங்கும்போது அந்தச் சூட்டைப் பயிருக்கு விடுகிறது. கால்வாய்ச் சேறு எருவாகிறது. 1980களில் இவற்றைத் திரும்ப வெட்டிப் பரிசோதித்தபோது நல்ல விளைச்சல் வந்தது.

உடனே சண்டை: இதை நடத்தியது யார்? பெரிய அளவில் திட்டமிட்டு நடத்தியது திவானாக்கு அரசு என்றார் ஆலன் கொலாட்டா. 'அய்யு' என்னும் உறவுமுறை ஊர்க்கூட்டுகள் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே வெட்டியவை, அரசு வருமுன்னும் இருந்தன, போன பின்னும் நடந்தன என்றார் கிளார்க் எரிக்சன். இது வெறும் தொல்லியல் சண்டையில்லை. ஜனங்களுக்கு மேலே ஒரு நிர்வாகி இல்லாமல் பெரிய காரியம் நடக்காது என்ற நம்பிக்கை நம் இயக்கங்களுக்குள்ளும் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கும் அது உண்டு. 1980, 90களில் அவர்கள் பணம் கொடுத்து வெட்டவைத்த பாத்திகளில் பெரும்பாலானவை பணம் நின்றதும் கைவிடப்பட்டன. ஆளில்லை, கூலி தேடி நகரத்துக்குப் போனவர்கள் போனார்கள். தொழில்நுட்பத்தைத் தோண்டியெடுத்தார்கள், அதைத் தாங்கி நின்ற கூட்டு உழைப்பைத் தோண்டியெடுக்க முடியவில்லை.

நகரம் ஏன் விழுந்தது என்பதிலும் இதே பிரச்சினைதான். நீண்ட வறட்சி என்றார் கொலாட்டா. பனிப்பாறை அடுக்குகளில் அதற்கு ஆதாரமும் காட்டப்படுகிறது. வறட்சி வந்திருக்கலாம். ஆனால் ஜனங்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்து அழிந்தவர்களா? ஜான் ஜானுசெக் வேறொன்றைக் கவனித்தார். ஆளும் குடியினரின் வளாகங்கள் இடிக்கப்பட்டிருக்கின்றன, சிலைகள் சிதைக்கப்பட்டிருக்கின்றன. திவானாக்கு பாணிச் சித்திரம் பதித்த கோப்பைகள் வழக்கொழிகின்றன. ஜனங்கள் சின்னச் சின்ன ஊர்களாகப் பிரிந்து போகிறார்கள். இந்த வீழ்ச்சியை ஒரு பண்பாட்டுப் புரட்சியாகவே பார்க்க வேண்டும் என்கிறார் அவர். அதன் பிறகு பொற்காலம் ஒன்றும் வந்துவிடவில்லை. சண்டைகள் இருந்தன, குன்றுகளில் கோட்டை கட்டிக்கொண்டு வாழ வேண்டியிருந்தது. ஆனாலும் அவர்கள் 'தொலைந்தவர்கள்' இல்லை.

அந்நகரத்தவர் பேசியது அய்மாராவா, புக்கினாவா என்று மொழியியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். கிழவனுக்கும் பேரனுக்கும் ரத்தச் சான்றிதழ் கேட்பது போஸ்னான்ஸ்கியின் ஆட்டம். அதே ஆட்டத்தை நாமும் ஆடி, 'எங்க தாத்தாதான் கட்டினார், பாரு பிரமிடு' என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. பிரமிடு கட்டினவனுக்குத்தான் மரியாதை என்றால், அதைக் கட்டாமல், அல்லது கட்டியதை வேண்டாமென்று உடைத்துவிட்டு வாழ்ந்தவனுக்கு என்ன மரியாதை? அய்மாரா மக்களின் நிலவுரிமையும் மொழியுரிமையும் அவர்கள் முன்னோர் பேரரசர்களாக இருந்தார்களா என்பதைப் பொறுத்தது அல்ல. அவர்கள் அங்கே இருக்கிறார்கள், உழுகிறார்கள், பேசுகிறார்கள் என்பது போதும். இடிபாடுகளைப் பற்றி எழுதுகிற நாம், கல்லை அளப்பதற்கு முன் பக்கத்து வயலில் நிற்பவரிடம் கேட்டாக வேண்டும். 1549இல் போல அவர் சிரித்தால், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.