725 மீட்டர், எதிலிருந்து?

ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வுக்கூடத்தின் உயரம் 725 மீட்டர். இப்படி ஓர் எண்ணை ஒவ்வொரு படத்தின் தரவுக்கோப்பிலும் தலைப்பகுதியில் எழுதிவைப்பது உலகெங்கும் வானாய்வுக்கூடங்களில் உள்ள வழக்கம். நல்ல வழக்கம்தான். முப்பது ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் கோப்பைத் திறப்பவர், படம் எங்கிருந்து எடுத்தது என்று யாரையும் தேடிப் போக வேண்டாம். செலவு ஒரு வரி.

எதிலிருந்து அளந்த உயரம் என்று சொல்லாமல் விடுவதில்தான் குறை. வரைபடங்கள் கடல்மட்டத்திலிருந்து அளக்கின்றன. வானியல் மென்பொருள்களோ பூமியைத் துருவங்களில் சற்றே தட்டையான, வழவழப்பான கோளமாக எடுத்துக்கொண்டு அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து கணக்கிடுகின்றன. இரண்டும் ஒட்டியே போகும் இடங்களும் உலகில் உண்டு. நம் பக்கம் அப்படியில்லை. இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் அந்தப் பரப்புக்கு 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கடல்மட்டத்தில் உலகிலேயே ஆழமான பள்ளம் அதுதான். காவலூரில் ஏறக்குறைய 90 மீட்டர். ஆக, ஒரே தரைக்கு 725-உம் சரி, 635-ஐ ஒட்டிய எண்ணும் சரி.

எல்லாவற்றுக்கும் இது பொருட்டல்ல. 1988-இல் காவலூரில் கண்டுபிடித்த 4130 ராமானுஜன் போன்ற குறுங்கோள் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 90 மீட்டர் அங்கே தூசு. அபோஃபிஸ் என்ற குறுங்கோளின் விஷயம் வேறு. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமிப் பரப்புக்குச் சுமார் 32,000 கிலோமீட்டர் அருகில் வரும். அவ்வளவு நெருங்கிய பொருளை அடிவானத்தை ஒட்டிப் பார்த்தால், உயரத்தில் 90 மீட்டர் பிழை அதன் இடத்தை அரை ஆர்க் செகண்ட் நகர்த்திவிடும். இன்றைய அளவீட்டுத் துல்லியத்துக்கு அது பெரிய தப்பு.

அப்படியானால் 635 என்று மாற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். தொலைநோக்கியைக் குறிபார்க்க வைக்கும் நிரல், ஒளி காற்றில் வளைவதைக் கழிக்க வேண்டும். காற்றழுத்தம் தெரியாதபோது அதை உயரத்திலிருந்து ஊகிக்கும். அதற்குத் தேவை கடல்மட்ட உயரம். 90 மீட்டர் பிசகினால் அழுத்தம் ஒரு சதவீதம் பிசகும்; வானில் பாதி உயரத்தில் உள்ள விண்மீனுக்கு அதுவும் அரை ஆர்க் செகண்ட்தான். ஒரு பக்கம் அடைத்த ஓட்டை மறுபக்கம் திறக்கிறது. (வங்கக் கடலில் புயல் நிற்கும் நாளில் எந்த உயரமும் சரியான அழுத்தத்தைச் சொல்லாது என்பது தனிக்கதை, பாரமானியின் வேலையை உயரத்திடம் கொடுத்ததே பிழை.)

வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பு முறையில் இதற்கு மாற்று உண்டு: பூமியின் மையத்திலிருந்து எக்ஸ், ஒய், இசட் என மூன்று தூரங்கள். கடல்மட்டச் சண்டையே இல்லை. கணினிக்கு இதைவிட நல்லது கிடையாது. மனிதக் கண்ணுக்கு ஆகாது. 725 என்பது 7250 ஆனால் காவலூர்க் காவலாளியே சிரிப்பார். ஏழு இலக்க எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் எவர் கண்ணிலும் படாது. ஆகவே மூன்று தூரங்களோடு பழைய உயரமும் இருக்கட்டும் என்பேன், அளந்த விதத்தைச் சொல்லிக்கொண்டு. ஃபிட்ஸ் முறையில் ஒரு வரிக்கு 80 எழுத்து இடம். எண்ணை எழுதி, சாய்கோடு போட்டு, குறிப்பும் எழுதலாம். அந்த இடத்தில் ‘மீட்டர்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள்.