அல்லமரின் ‘பயலு’: வீடுபேற்றுச் சொல் ஒன்றின் தமிழாக்கம்

யோகம் பற்றிய நூல்களைக் கன்னடத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பது எளிது என்பர். தியானம், சமாதி முதலிய வடசொற்கள் இரு மொழிக்கும் பொதுவாதலே அவர்கள் காட்டும் காரணம். 12ஆம் நூற்றாண்டு வசனகாரரான அல்லமபிரபு வீடுபேற்று நிலையைச் சுட்ட ஆளும் ‘பயலு’ என்னும் கன்னடச் சொல் இக்கருத்துக்கு இடம் தரவில்லை. பெங்களூரிலுள்ள பசவ சமிதி 2500 வசனங்களைத் தொகுத்துத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பெயர்ப்பித்துள்ள நிலையில், இச்சொல்லை ஆராய்வது பொருத்தமாகும்.

அல்லமர் வரலாறு தமிழுக்குப் புதிதன்று. 15ஆம் நூற்றாண்டில் சாமரசர் கன்னடத்தில் இயற்றிய பிரபுலிங்கலீலையை 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் தமிழில் தந்தார். அதில் கோரக்கர் நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. யோகத்தால் உடலை வயிரமாக்கிய கோரக்கரை வாள் வெட்டவில்லை. அல்லமர் உடலிலோ வாள் வெற்றிடத்தில் வீசியதுபோல் ஊடுருவிச் சென்றது. உடலை நிலைபெறுத்தும் சித்தி வேறு, உடற்பற்று நீங்கிய விடுதலை வேறு என்பதே இதன் கருத்து. காப்பியத்தில் இவ்வேறுபாட்டை நிகழ்ச்சியே உணர்த்திவிடுகிறது. வசனத்தில் அதனை உணர்த்தும் பொறுப்பு முழுவதும் சொல்லின்மேல் விழுகிறது.

‘பயலு’ என்பதை ஒலிபெயர்த்தால் தமிழர் ‘பயல்’ எனப் படிப்பர். பரோ–எமனோ அகராதி இதற்கு இனமாகக் காட்டும் ‘வயல்’ இன்று விளைநிலத்தையே குறிக்கும். ‘சூனியம்’ எனின் பேச்சுவழக்கில் பில்லிசூனியமே முதலில் நினைவுக்கு வரும். ‘பாழ்’ என்பதற்குச் சித்தர் மரபில் உயர்பொருள் இருப்பினும், பொதுவழக்கில் அழிவே மேலோங்குகிறது. ‘வெற்றிடம்’ இயற்பியல் சார்ந்தது. இவற்றுள் எதனைக் கொண்டாலும், அல்லமர் கூறும் விடுதலை வெறும் இன்மையாகவோ அழிவாகவோ திரிந்துவிடும்.

‘வெளி’ என்னும் சொல் பிறப்பால் ‘பயலு’க்கு இனமன்று; எனினும் பொருட்பரப்பால் மிக நெருங்கியது. கன்னடத்தில் திறந்தவெளிக் கூத்து ‘பயலாட்ட’. ‘பயலாகு’ என்பது வெளிப்படுதலையும், வசனங்களில் வெளியோடு ஒன்றாதலையும் குறிக்கும். தமிழிலும் ‘வெட்டவெளி’ திறந்த நிலத்தையும் பரம்பொருளையும் சுட்டும். மறைந்தது தெரியவருதலை ‘வெளியாதல்’ என்கிறோம். அன்றாடச் சொல்லே மெய்யியற் சொல்லாகும் இயல்பு இரண்டிற்கும் பொது. எனினும் ஒரு குறை உண்டு. நூலும் திரைப்படமும் ‘வெளியாகும்’ இக்காலத்தில், வினைவடிவம் அவ்வாழத்தை இழந்துவருகிறது. ஆகவே பெயர்ச்சொல்லுக்கு ‘வெளி’ எனவும், வினைக்கு ‘வெளியில் கலத்தல்’ எனவும் கொள்வது தகும். ‘கலத்தல்’ என்பதில் இருமை சிறிது எஞ்சுகிறது என்பதும் உண்மையே. அதனை முன்னுரையில் விளக்குவது மொழிபெயர்ப்பாளர் கடன்.

கலைச்சொல் தேர்வில் சொற்பிறப்பு உறவோ வடமொழிப் பொதுமையோ முடிவான சான்றாகாது. அச்சொல் இன்றைய வாசகர் உள்ளத்தில் எதனை எழுப்புகிறது என்பதே முதலில் நோக்கத்தக்கது.