நிற்கிற யந்திரமும் ஓடுகிற யந்திரமும்

பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைக்கும் காட்சிச்சாலைகள் இரண்டு ரகம். யந்திரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, கீழே ஓர் அட்டையில் பெயரும் வருஷமும் எழுதி வைப்பது ஒரு ரகம். மின்சாரம் கொடுத்து அதை ஓட விடுவது இன்னொரு ரகம். முதல் ரகத்தின் மேல் எனக்கு அதிக மதிப்பில்லை. பழைய நாற்காலியை நிறுத்தி வைத்தாலும் அது நாற்காலிதான். கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தால் அது வெறும் பீரோ.

இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டர் காட்சிச்சாலை இரண்டாவது ரகம். அங்கே ஹார்வெல் டெகட்ரான் என்று ஒரு யந்திரம் இருக்கிறது. ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் 1951-ல் ஓட ஆரம்பித்தது. எடை இரண்டரை டன். ஒரு பெருக்கல் கணக்குக்கு ஐந்து முதல் பத்து விநாடி வரை எடுத்துக்கொள்ளும். கைக் கணக்கு யந்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அதனுடன் போட்டிக்கு உட்கார்ந்தாராம். அரை மணி நேரம் சரிக்குச் சரி ஈடு கொடுத்தார். பிறகு களைத்துப் போய்விட்டார். யந்திரம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு கதை போதும்.

1957-ல் ஒரு போட்டி வைத்து, இதை நன்றாகப் பயன்படுத்துவோம் என்று எடுத்துச் சொன்ன வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரிக்கு அதைக் கொடுத்தார்கள். 1973 வரை அங்கே மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தது. பிறகு பர்மிங்ஹாம் காட்சிச்சாலை. 1997-ல் அதையும் மூடிவிடவே, யந்திரத்தைப் பிரித்துக் கிடங்கில் போட்டார்கள். அதன் பலகையை ஒரு புகைப்படத்தில் யாரோ அடையாளம் கண்டுகொள்ளாமல் இருந்தால் இன்னும் அங்கேயே கிடந்திருக்கும். 2009-ல் பிளெட்ச்லி பார்க்குக்கு வந்தது. தொண்டர்கள் மூன்று வருஷம் பாடுபட்டு 2012-ல் மறுபடி ஓட வைத்தார்கள்.

அது ஓடும் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். எண்களை வைத்துக்கொள்ள 828 சின்னக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆரஞ்சு நிறப் பொட்டு, பத்து இடங்களில் தாவித் தாவிச் சுற்றி வருகிறது. பொட்டு நிற்கிற இடம்தான் எண். ரிலேக்கள் கடகடவென்று சப்தம் போடுகின்றன. கணக்கு நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். நிறுத்தி வைத்திருந்தால் இதில் எது மிஞ்சியிருக்கும்?

அதே இடத்தில் கொலோஸஸும் இருக்கிறது. யுத்த காலத்தில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க டாமி பிளவர்ஸ் அமைத்த யந்திரம். யுத்தம் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள், வரைபடங்களை எரித்தார்கள். மிஞ்சியது சில புகைப்படங்களும் துண்டு துண்டான சுற்றுப் படங்களும்தான். அவற்றை வைத்துக்கொண்டு 1993-ல் டோனி சேல் மறுபடி கட்ட ஆரம்பித்தார். 2007-ல் அது பழைய ரகசிய எழுத்தை உடைத்துக் காட்டியது. இது நகல்தானே, இதற்கு என்ன மதிப்பு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நம்முடைய பழைய நூல்களெல்லாம் செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதி எழுதித்தானே நமக்கு வந்து சேர்ந்தன? ஓடாத அசலைவிட ஓடுகிற நகல் எனக்கு உசத்தி.

ஓட்டினால் தேயும் என்பது நியாயமான ஆட்சேபம். வால்வு போகும், மாற்ற வேண்டும். மாற்ற மாற்ற அசல் குறைந்துகொண்டே வரும். வாஸ்தவம். ஆனால் உறுப்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவது அதை ஓட்டத் தெரிந்த ஆள். இந்தத் தொண்டர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

ஆள் மட்டும் அல்ல, பணமும் வேண்டும். அமெரிக்காவில் சியாட்டிலில் பால் ஆலன் ஒரு காட்சிச்சாலை நடத்தினார். வருகிறவர்கள் பழைய யந்திரங்களின் முன் உட்கார்ந்து தாங்களே தட்டிப் பார்க்கலாம். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் 2018-ல் காலமானார். 2020-ல் கதவை மூடினார்கள். 2024-ல் பிடிபி-10 உட்படப் பல யந்திரங்கள் ஏலத்துக்குப் போயின. ஒரு தனி மனிதரின் ஆசையை நம்பி நடந்த காரியம், அவரோடு போயிற்று. ஏலம் எடுத்தவருக்கு யந்திரம் கிடைக்கும். அதன் பக்கத்தில் நின்று பழுது பார்த்தவருடைய கைப்பழக்கம் கிடைக்காது. காட்சிச்சாலைக்காரர்கள் அடுத்த யந்திரத்தை வாங்குமுன், இருக்கிற யந்திரத்துக்கு இரண்டு இளைஞர்களைப் பழக்கட்டும், சம்பளமும் கொடுக்கட்டும்.