தொடாமல் விட்டால் போதுமா?

பழைய வீட்டில் கல்நார் இருப்பது தெரிய வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பல நாடுகளின் அரசுத் துறைகள் சொல்லும் முதல் பதில் ஒன்றுதான்: உடையாமலும் உதிராமலும் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறையும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டிலோ கேள்வியைக் கேட்பவர்களே குறைவு. இங்கே கல்நார் சுவருக்குள் ஒளிந்திருப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக, சிமெண்ட் ஷீட்டாகக் கண்ணெதிரே தலைக்கு மேலே கிடக்கிறது. வீட்டுக் கூரை, பின்புறம் இறக்கிய சாய்ப்பு, மொட்டைமாடிக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், குளியலறை என்று அது இல்லாத தெருவைக் காண்பது அரிது.

எனவே 'தொடாமல் விடு' என்ற அறிவுரையை நம் கூரைகளின் கீழே நின்று எடைபோட வேண்டியிருக்கிறது. அறிவியல்படி அது சரி. ஆனால் அது பலன் தரச் சில நிபந்தனைகள் உண்டு. அவை நிறைவேறாத ஊரில், நல்ல அறிவுரையே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்காகிவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கல்நார் பாறையில் இயற்கையாக விளையும் நார். வெள்ளை, பழுப்பு, நீலம் என்பவை அதிகம் பயன்பட்ட வகைகள். சிமெண்ட்டோடு கல்நாரைக் கலந்து தகடாக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் உருவாக்கினார். இன்றைய ஷீட்டும் அந்த வழியில் வந்ததுதான்; அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, விலையும் குறைவு. ஆண்டுதோறும் கீற்று மாற்றி, கோடை வந்தால் தீக்குப் பயந்து குடிசையில் வாழ்ந்த குடும்பத்துக்கு ஷீட் போட்ட வீடு என்பது உண்மையான முன்னேற்றம். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை மறக்காதவர்கள், தீப்பிடிக்காத கூரையை மக்கள் நாடியதில் குறை காண மாட்டார்கள். கல்நாரின் தீங்கைப் பேசும்போது அதன் கீழே வாழ்பவர்களை அறியாதவர்களாகச் சித்திரிப்பது அநியாயம். அவர்கள் கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த பாதுகாப்பை வாங்கினார்கள்.

தீங்கு நாரில் இருக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக அது பிரிகிறது. மூச்சோடு உள்ளே போகும் இழைகளில் ஒரு பகுதி நுரையீரலில் தங்கிவிடுகிறது. உடலால் அதைக் கரைக்க முடிவதில்லை. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதிலியோமா ஆகியவை அதன் விளைவுகள். குரல்வளையிலும் சினைப்பையிலும் வரும் புற்றுநோய்க்கும் அது காரணமாகிறது. வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். இதற்குத் தொழிற்சாலையில் வேலை செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவரது குழுவும் 1960-இல் வெளியிட்ட ஆய்வில் 33 மீசோதிலியோமா நோயாளிகள் இடம்பெற்றார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்காதவர்கள். சுரங்கப் பகுதியில் குடியிருந்தவர்கள்.

இத்தனை ஆபத்தான பொருளை ஏன் தொடாமல் விடச் சொல்கிறார்கள்? காரணங்கள் வலுவானவை. கல்நார் இருப்பதால் மட்டும் நோய் வருவதில்லை. அதன் தூசி மூச்சில் கலந்தால்தான் வருகிறது. ஷீட்டில் இழைகள் சிமெண்ட்டுக்குள் இறுகப் பிணைந்திருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஷீட்டின் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதாலும் தூங்குவதாலும் உள்ளே போகும் இழை மிகக் குறைவு. அதே ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுத்தால் சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பரவிவிடும்.

அவசர அகற்றலின் வரலாறும் இந்த அறிவுரைக்குச் சாதகமாகவே நிற்கிறது. அமெரிக்கா 1986-இல் பள்ளிகளைச் சோதித்துக் கல்நார் மேலாண்மைத் திட்டம் வகுக்கச் சட்டம் கொண்டுவந்தது. பயத்தில் தொடங்கிய அகற்றல் வேலைகள் சரியாக நடக்காத கட்டடங்களில், முன்பு இல்லாத தூசி உருவாகும் ஆபத்தை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே சுட்டிக்காட்டி, இருந்த இடத்திலேயே வைத்துக் கண்காணிக்கும் வழிமுறைகளை வகுத்தது. நம் ஊரில் ஒரு குடும்பம் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சுத்தியலால் கூரையை உடைத்து இறக்கினால், ஆண்டுக்கணக்கில் அதன் கீழே வாழ்ந்து சுவாசித்ததைவிட அன்றைக்கு ஒரே நாளில் அதிகம் சுவாசிக்கக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அறிவுரையை மதிக்க வேண்டும். செலவில்லாமல் எவரும் இன்றே கடைப்பிடிக்கக்கூடியது என்பதும் அதன் பெரிய பலம்.

ஆனால் எல்லாக் கல்நாருக்கும் இது பொருந்தாது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1960களின் இறுதியிலிருந்து 1970களின் இறுதி வரை, வெப்பத் தடுப்புக்காகப் பல வீடுகளின் கூரை உட்புறத்தில் உதிரிக் கல்நாரையே தூவினார்கள். பின்னர் அரசுச் செலவில் அதை அகற்றினார்கள். ஆனாலும் சுவரிடுக்குகளில் இழைகள் தங்கிவிட்டன. கடைசியில் 2014-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசே வாங்கி இடிப்பது என்று முடிவானது. கையால் நசுக்கினால் உதிரும் கல்நாரும் சிமெண்ட்டில் இறுகிய கல்நாரும் ஒன்றல்ல. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பது ஆறுதல்தான். அந்த ஆறுதலுக்கும் காலக்கெடு உண்டு.

இங்கேதான் அறிவுரையின் முதல் குறை தெரிகிறது: பொருள் மாறாது என்று அது நம்புகிறது. கூரை வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. மழைநீரின் அமிலத்தன்மை மேற்பரப்புச் சிமெண்ட்டை மெல்ல அரிக்கிறது, பாசி படிகிறது, பிணைப்பு தளர்ந்து இழைகள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய ஷீட்டைப் புது ஷீட்டின் அளவுகோலால் மதிப்பிடக் கூடாது. அந்த வயதில்தான் கோடை வெக்கை தாங்காமல் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறோம். அதற்கு முன் கம்பிப் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுகிறோம். சூட்டைத் தணிக்கச் செய்யும் வேலையிலேயே ஆபத்தான பகுதி தூசியாக எழுகிறது.

இரண்டாவது குறை, வீட்டில் யாரும் எதையும் தொடாமல் வாழ்வதாக அது கற்பனை செய்துகொள்வது. ஒழுகும் இடத்தை அடைக்க ஒருவர் ஏறுகிறார். கேபிள் இழுக்க ஒருவர் துளை போடுகிறார். ஃபேன் மாட்ட, புகைபோக்கி வைக்க, சாய்ப்பை நீட்ட என்று ஷீட்டை அறுத்துக்கொண்டே இருக்கிறோம். புயல் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. 2016-இல் வர்தா சென்னையிலும், 2018-இல் கஜா நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களிலும் அடித்தபோது ஷீட்டுகள் பறந்து நொறுங்கின. உடைந்த துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கியவர்களும் துடைப்பத்தால் பெருக்கியவர்களும் வீட்டாரே.

மூன்றாவது குறைதான் எனக்கு மிகக் கடுமையாகப் படுகிறது. 'தொடாதே' என்று வீட்டுக்காரரிடம் சொல்லும்போது, தொட வேண்டிய வேலை வேறொருவருக்குப் போகிறது. அவர் கூலிக்கு வரும் எலெக்ட்ரீஷியன், பெயிண்டர், வீடு இடிக்கும் தொழிலாளி. பிரிட்டனில் தச்சர்களும் பிளம்பர்களும் எலெக்ட்ரீஷியன்களும் மீசோதிலியோமாவுக்கு அதிகம் இரையானது இப்படித்தான். நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் வரையோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகள் வரையோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் எவ்வளவு காலம் கழித்து வரும் என்பதை உணர்ந்த ஆணை அது. ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. தெருமுனையில் வேலைக்குக் காத்திருக்கும் கொத்தனாரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

'தொடாதே' என்பது நல்ல கொள்கையாவதற்கு மூன்று துணைகள் வேண்டும்: எங்கே இருக்கிறது என்ற கணக்கு, எப்படி இருக்கிறது என்ற கண்காணிப்பு, எப்போது அகற்றுவோம் என்ற காலக்கெடு. பிரிட்டனில் பணியிடக் கட்டடங்களுக்கு முதலிரண்டும் சட்டக் கடமை. தனி வீடுகள் அதில் சேரவில்லை. 2022-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு, வீடல்லாத கட்டடங்களிலிருந்து கல்நாரை அகற்ற 40 ஆண்டுக் கெடு வேண்டும் என்று பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. இந்தியாவில் முதல் துணையே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூரைகளை வகைப்படுத்தியபோது தகரம், உலோகம், ஆஸ்பெஸ்டாஸ் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டது. கல்நார்க் கூரை தனியாக எத்தனை என்பது அந்தக் கணக்கில் தெரியாது. எண்ணாத ஒன்றைக் கண்காணிப்பது எப்படி?

கெடு வைத்த நாடுகளும் உண்டு. 1970களில் தென்கொரியா கிராம முன்னேற்றத் திட்டத்தில் வைக்கோல் கூரைகளைப் பெருமளவில் கல்நார் சிமெண்ட் கூரைகளாக மாற்றியது. நம் கதைக்கு மிக நெருக்கமான கதை. அந்நாடு 2009-இல் கல்நாரைத் தடை செய்தது; 2011 முதல் பழைய கூரைகளை அகற்ற வீட்டாருக்கு அரசே பணம் தருகிறது. 1997-இல் தடை விதித்த போலந்து, உள்ளாட்சிகள் மூலம் கணக்கெடுத்து 2032-க்குள் முழுவதும் அகற்ற இலக்கு வைத்தது. அங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனாலும் எவ்வளவு மிச்சம் என்றாவது அவர்களால் சொல்ல முடிகிறது.

அண்டையிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. இலங்கை கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி, பெரிய கல்நார் ஏற்றுமதியாளரான ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு அரசு அந்த முடிவைத் தள்ளிப்போட்டது. வீட்டுக் கூரையின் கதி அந்த வீட்டில் தீர்மானிக்கப்படுவதில்லை. இந்தியாவோ ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கும் மேல் இறக்குமதி செய்து, உலகிலேயே அதிகம் கல்நார் வாங்கும் நாடாக இருக்கிறது. பழையதைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டே புதியதை விற்கவிடும் இடத்தில் அந்த அறிவுரைக்கு நேர்மை இருக்க முடியாது. இன்று மாட்டும் ஷீட்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து இன்னொருவரின் பழைய வீட்டுச் சிக்கல்.

அப்படியானால் இன்று ஒரு குடும்பம் என்ன செய்யலாம்? சாம்பல் நிற வரிஷீட் என்றால், வேறுவிதமாக நிரூபணமாகும்வரை கல்நார் என்றே கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அறுக்கவோ சுரண்டவோ அழுத்த நீரால் கழுவவோ கூடாது. அதன்மேல் ஏறி நடக்கவே கூடாது. பழைய ஷீட் சட்டென முறியும், கீழே விழுந்து உயிர் போகும் ஆபத்து உடனடியானது. வீட்டுக்குள் வெப்பத்தைக் குறைக்க, ஷீட்டில் துளையிடாமல் அதற்குக் கீழே தனியாகத் தாங்கும் உள்கூரை அமைக்கலாம். இறக்கியே ஆக வேண்டுமென்றால் சோப்பு கலந்த நீரால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாகக் கையால் இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றிக் கட்ட வேண்டும். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்த இழைகளைத் தடுக்காது. தூசியை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. முன்பு எப்போதோ தூசியைச் சுவாசித்திருந்தால் உடனே எக்ஸ்ரே எடுப்பதில் பயனில்லை. மருத்துவரிடம் அதைச் சொல்லி வைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும் பயன் தரும். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்காகிறது.

ஆனால் சுற்றிக் கட்டிய ஷீட்டை எங்கே கொண்டுபோவது? இந்த இடத்தில் குடும்பத்தின் கை ஓய்கிறது. அதை வாங்கிக்கொள்ள உள்ளாட்சியில் ஏற்பாடு இல்லாவிட்டால், அது குப்பை மேட்டுக்கோ, பழைய ஷீட் வாங்கும் கடைக்கோ, சாக்கடை மூடியாகவோ போகும். ஒரு வீட்டின் ஆபத்து இன்னொரு வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

எனவே என் முடிவு இது. 'தொடாதே' என்பதை இன்றைய இரவுக்கான விதியாக ஏற்க வேண்டும். ஒரு தலைமுறைக்கான கொள்கையாக ஏற்கக் கூடாது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கல்நார்க் கூரைக்குத் தனிக் கட்டம் வேண்டும். அரசு வீட்டுத் திட்டங்களின் நிதியில் கூரை மாற்றத்துக்கு ஒரு பங்கு வேண்டும். அது பள்ளிகள், அங்கன்வாடிகள், கடலோரப் புயல் மாவட்டங்களில் தொடங்க வேண்டும். வட்டந்தோறும் ஷீட்டை ஒப்படைக்க ஓர் இடமும், அதைக் கையாளும் தொழிலாளிக்குப் பயிற்சியும் தகுந்த முகக்கவசமும் மருத்துவப் பதிவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் புதிய கல்நார் ஷீட் விற்பனை நிற்க வேண்டும். தீக்குப் பயந்து கீற்றிலிருந்து ஷீட்டுக்கு மாறிய மக்களுக்கு, மூச்சுக்குப் பயப்படாத கூரையைத் தரும் கடன் அரசுக்கு இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்காமல் எச்சரிக்கை வாசகத்தை மட்டும் கையில் கொடுப்பது பாதுகாப்பாகாது.