பத்திரம் சொல்லும் வம்சம்

வர்ஜீனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் 1732 ஆகஸ்ட் 4ஆம் தேதி ராபர்ட் கார்ட்டர் காலமானார். ரப்பஹானக், பொட்டோமேக் ஆறுகளுக்கு நடுவே ஃபேர்ஃபேக்ஸ் பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த பெரும் நிலப்பரப்புக்கு அவர் இரண்டு முறை முகவராக இருந்தவர். ஊராருக்கு நிலம் ஒதுக்கிக் கொடுக்கும் பொறுப்பில் இருந்துகொண்டே தன் பிள்ளைகள், பேரன்கள் பெயருக்கும் தாராளமாக ஒதுக்கிக்கொண்டார். சாகும்போது சேர்ந்திருந்தது ஏறத்தாழ 3,00,000 ஏக்கர். வாழ்ந்த காலத்திலேயே அவருக்குக் 'கிங்' கார்ட்டர் என்று பெயர்.

இந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடி எழுதியவர்கள் ஏராளம். இன்றும் தேடிக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பெஞ்சமின் ஹாரிசன், கார்ட்டர் பிராக்ஸ்டன் இருவரும் கிங் கார்ட்டரின் பேரன்கள். தாமஸ் நெல்சன் கொள்ளுப்பேரன். வில்லியம் ஹென்றி ஹாரிசன், இன்னொரு பெஞ்சமின் ஹாரிசன் என்று இரண்டு ஜனாதிபதிகள் இந்த வழியில் வந்தவர்கள். உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைகளை நடத்திய ராபர்ட் ஈ. லீயின் தாயும் கார்ட்டர் வீட்டுப் பெண். இந்தப் பட்டியலில் ஒருவருக்கும் குடும்பப்பெயர் கார்ட்டர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தனை பேரும் மகள் வழி. ஆனால் வம்சாவளிப் புத்தகங்களோ பெரும்பாலும் குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு மகன் வழியாகவே இறங்குகின்றன. மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் கிளை ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

இந்தப் புத்தகங்கள் நிலப் பத்திரங்களை வைத்தே வம்சம் தேடுகின்றன. அந்த முறை, கைவசம் இருப்பவற்றில் மிக உறுதியானது என்றே நினைக்கிறேன். அதன் பெரும் குறை, நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்களை மட்டும் வம்சம் என்று எடுத்துக்கொண்டது. அந்தக் குறைக்கு ஆவணங்கள் மீது பழி போட முடியாது. படித்தவர்கள் பாதிப் பக்கத்தைப் படிக்காமல் விட்டார்கள்.

முதலில் உறுதியைப் பார்ப்போம். காலனிய வர்ஜீனியாவில் பிறப்பு இறப்பைப் பதிந்துவைக்க அரசு அலுவலகம் இல்லை. தேவாலயப் பதிவேடுகளில் பல தொலைந்துபோயின. எஞ்சியவை கவுண்டி நீதிமன்றத்தின் பத்திரப் புத்தகங்களும் உயில் புத்தகங்களும்தான். நிலம் காசு என்பதால் அந்தப் புத்தகங்களை ஒழுங்காக எழுதினார்கள். விற்பவர் தனக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று பத்திரத்திலேயே சொல்வது வழக்கம்: அப்பா உயிலில் வந்தது, அப்பாவுக்கு இன்னார் விற்றது, அதற்கு முன் இன்னாருக்கு மானியமாகக் கிடைத்தது. தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவதுபோலப் போனால் மூன்று தலைமுறை ஒரே பத்திரத்தில் கிடைத்துவிடும். எல்லையில் நிற்கும் ஓக் மரமும் ஓடையும், சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து நிலக்காரரும் அதிலேயே இருப்பார்கள். சாட்சி பல சமயம் மைத்துனராகவோ மாமனாராகவோ இருப்பார்.

இந்தப் பத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்க மனைவிக்கு உரிமை இருந்தது. அவள் அதை விட்டுக்கொடுக்காவிட்டால், நிலத்தை வாங்கியவருக்குப் பின்னால் தொல்லை வரலாம். அதனால் நீதிபதிகள் மனைவியைக் கணவனிடமிருந்து தனியே அழைத்துப்போய், மனசாரச் சம்மதிக்கிறாயா என்று கேட்டு, அவள் பதிலைப் பத்திரத்தோடு சேர்த்துப் பதிந்தார்கள். வாங்குபவரின் பயத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனாலும் ஒரு பெண்ணின் பெயர் உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இடமாக அந்த நாலு வரி பல சமயம் அமைந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களும் துப்புக் கொடுக்கும். தாயின் குடும்பப்பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைப்பது இந்தக் குடும்பங்களில் சாதாரணம். கிங் கார்ட்டரின் இரண்டாம் மனைவி லாண்டன் குடும்பத்துப் பெண். மகன் பெயர் லாண்டன் கார்ட்டர். மகள் மேரி பிராக்ஸ்டன் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அவள் மகன் கார்ட்டர் பிராக்ஸ்டன். ஆவணம் மறைத்த தாயைப் பிள்ளையின் பெயர் காட்டிக்கொடுக்கிறது.

அதே பத்திரங்களில் வழுக்கிவிழும் இடங்களும் நிறைய. உயிலில் நாலு பிள்ளைகள் பெயர் இருந்தால் நாலு பிள்ளைகள்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அன்றைய வர்ஜீனியாவில் உயில் இல்லாத நிலம் சட்டப்படி மூத்த மகனுக்குப் போகும். அவனுக்குத்தான் தானாகவே வருகிறதே என்று அப்பா அவனை உயிலில் சொல்லாமலே விட்டிருக்கலாம். இந்த வழக்கத்தை 1785இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 'சீனியர்', 'ஜூனியர்' என்று எழுதியிருந்தால் அப்பாவும் மகனும் என்று அர்த்தமில்லை. ஊரில் அதே பெயரில் இருவர் இருந்தால் வயதில் மூத்தவர் சீனியர். 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1731 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்கில் 1732. இதைத் தெரியாமல் கணக்குப் போட்டு, பெற்றோர் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையைப் பிறக்கவைத்த வம்சாவளிகள் உண்டு.

தலைக்கு 50 ஏக்கர் என்ற மானிய முறை இன்னொரு பொறி. கடல் தாண்டி ஓர் ஆளைக் கொண்டுவந்தவருக்கு அந்த ஆளின் பேரில் நிலம் கொடுத்தார்கள். 1618இல் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த உரிமையை விற்கலாம், வருடக்கணக்கில் கையில் வைத்திருக்கலாம். ஒரே ஆளைக் காட்டி இரண்டு பேர் நிலம் வாங்கியதும் நடந்தது. மானியப் பட்டியலில் பெயர் இருக்கும் ஆண்டை, மூதாதை வந்திறங்கிய ஆண்டாக எழுதிக்கொள்வது அதனால்தான் தவறு. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஒப்பந்தக் கூலிகளுடையவை, சில ஆப்பிரிக்கர்களுடையவை என்பதையும் வேகமாகப் புரட்டுகிறவர்கள் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்தியவர்களும் வம்சாவளி ஆய்வாளர்களே. பாஸ்டனில் 1845இல் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ், மூல ஆவணம் இல்லாமல் ஒரு உறவையும் ஏற்க முடியாது என்று பிடிவாதமாக நின்றார். நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றவர் குஸ்தாவ் அன்ஜூ. சுவீடனிலிருந்து வந்த அவர் பணக்காரக் குடும்பங்களுக்கு அரச வம்சத்தோடு தொடர்பு கற்பித்து வம்சாவளிகளை விற்றார். உண்மையான ஆவணங்களை நிறைய மேற்கோள் காட்டிவிட்டு, நடுவில் வேண்டிய இடத்தில் மட்டும் இல்லாத உயில் ஒன்றைச் செருகுவது அவர் பாணி. அவர் 1942இல் இறந்தார். அவர் கட்டிய பொய்கள் இன்னும் குடும்ப மரங்களில் நகலாகிக்கொண்டிருக்கின்றன. பெரிய வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் ஆசை வாங்குபவரிடம் இருந்திருக்காவிட்டால் அவருக்குத் தொழிலே நடந்திருக்காது.

அந்த ஆசை சட்டமாகவும் ஆனது. 1924இல் வர்ஜீனியா ஓர் இனத் தூய்மைச் சட்டம் கொண்டுவந்தது. வேறு இன ரத்தம் துளி கலந்திருந்தாலும் ஒருவர் வெள்ளையர் அல்லர் என்பது விதி. ஆனால் மாநிலத்தின் பழைய நிலக்காரக் குடும்பங்கள் பல, பூர்வகுடிப் பெண்ணான போகஹான்டஸின் மகன் தாமஸ் ரால்ஃப் வழியில் வந்தவர்கள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தன. சட்டம் அவர்கள் மேலேயே பாயும் என்றானதும், பதினாறில் ஒரு பங்குவரை பூர்வகுடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை என்று விலக்குச் சேர்த்தார்கள். அதே மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளர் வால்ட்டர் பிளெக்கர் உயிரோடிருந்த பூர்வகுடி மக்களைக் 'கறுப்பர்' என்று பதியவைத்தார். குடும்பப்பெயர்களைக் கவுண்டிவாரியாகப் பட்டியல் போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார். வம்சாவளி அங்கே ஒருவருக்கு அலங்காரமாகவும் இன்னொருவருக்குத் தண்டனையாகவும் பயன்பட்டது. அந்தச் சட்டத்தின் கலப்பு மணத் தடையை உச்ச நீதிமன்றம் உடைக்க 1967 ஆகிவிட்டது.

இனி, படிக்காமல் விட்ட பாதிப் பக்கத்துக்கு வருகிறேன். வர்ஜீனியா 1662இல் போட்ட சட்டப்படி குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, அப்பன் எவராக இருந்தாலும். 1705இல் இன்னொரு சட்டம், வாரிசுரிமை விஷயத்தில் அடிமைகளை அசையாச் சொத்தாக ஆக்கியது; நிலம் போகிற வழியில் அவர்களும் போவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரே பண்ணையில் இரண்டு வம்சாவளிகள் எழுதப்பட்டு வந்தன. முதலாளி வீட்டுக்குத் தகப்பன் வழி, அடிமைக் குடிசைக்குத் தாய் வழி. இரண்டும் இருப்பது அதே உயில் புத்தகத்தில், அதே எழுத்தரின் கையெழுத்தில்.

கிங் கார்ட்டரின் மறைவுக்குப் பின் எடுத்த சொத்துப் பட்டியல் பண்ணை பண்ணையாகப் போகிறது. மாடு, பன்றி, கருவிகளோடு மனிதர்களும் வருகிறார்கள்: ஆண், அவன் மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் வயது. விலை போடுவதற்காக எழுதிய பட்டியல் அது. அதே பட்டியலை வைத்துத்தான் இன்று வரலாற்றாசிரியர்கள் அந்தக் குடிசைகளில் யார் யாரோடு குடும்பமாக வாழ்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். பெருமைக்காகத் தேடியவர்களோ அந்தப் பக்கங்களை 'அடிமைகளும் கால்நடைகளும்' என்று ஒரே சொற்றொடரில் தாண்டிப்போனார்கள்.

கிங் கார்ட்டரின் பேரன் மூன்றாம் ராபர்ட் கார்ட்டரின் ஆவணம் இன்னும் முக்கியமானது. நோமினி ஹாலில் வாழ்ந்த அவர் தன் பண்ணைகளுக்கு ராசிகளின் பெயர்களை வைத்திருந்தார்: சிம்மம், கன்னி, துலாம், கும்பம். ஆங்கிலிக்கத் திருச்சபையை விட்டு பாப்டிஸ்ட் ஆனவர். 1791 ஆகஸ்ட் 1ஆம் தேதியிட்டு ஒரு பத்திரம் எழுதி, செப்டம்பரில் நீதிமன்றத்தில் கொடுத்தார். அதில் 452 அடிமைகளின் பெயர், வயது, இருக்கும் பண்ணை எல்லாம் இருந்தன. அத்தனை பேருக்கும் படிப்படியாக விடுதலை. ஆண்டுக்கு இத்தனை பேர் என்று மூத்தவர்களிலிருந்து தொடங்கும். சிறுவர்களுக்கு வயது வந்ததும். விடுதலை நாள் வயதைப் பொறுத்தது என்பதால் வயதைச் சரியாகக் குறிக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பத்திரம், அந்த மக்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பிறப்புப் பதிவேடாகவே ஆகிவிட்டது. உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் தனி ஒருவர் செய்த மிகப் பெரிய அடிமை விடுதலை இது. ஆனாலும் குடும்பப் பெருமையை எழுதியவர்கள் பலகாலம் இவரைத் தாத்தாவின் நிழலில் நிற்கும் ஒரு விசித்திரப் பேர்வழியாகவே நடத்தினார்கள். வாஷிங்டனும் ஜெஃபர்சனும் வாழ்ந்த காலத்தில், அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, இதைச் செய்து காட்டியவர் அவர். அந்த அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆவணம் எல்லா இடத்திலும் இப்படிக் கைகொடுக்காது. உள்நாட்டுப் போரில் பாதுகாப்புக்கென்று பல கவுண்டிகள் தங்கள் புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது அவையும் எரிந்தன. இந்த இடைவெளியை இப்போது மரபணுச் சோதனை நிரப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஓரளவுக்கு உண்மை. ஜெஃபர்சனுக்கும் அவர் அடிமையான சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் பிறந்தன என்பதை மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873இலேயே ஒஹாயோ பத்திரிகையில் சொல்லியிருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் வரலாற்றாசிரியர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். 1998இல் ஜெஃபர்சனின் சித்தப்பா பெரியப்பா வழி ஆண்களின் ஒய் குரோமோசோமும், சாலியின் இன்னொரு மகன் ஈஸ்டன் ஹெமிங்ஸின் ஆண் வழி வாரிசினுடையதும் ஒத்துப்போயின. ஆனால் அதே சோதனையில், அதே அளவு உறுதியோடு ஜெஃபர்சன் வழி என்று சொல்லிவந்த வுட்சன் குடும்பத்தின் மாதிரி பொருந்தவில்லை. மேலும் ஒய் குரோமோசோம் ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்று மட்டுமே சொல்லும். எந்த ஆண் என்பதற்கு, ஒவ்வொரு கருத்தரிப்புக் காலத்திலும் ஜெஃபர்சன் தன் மான்டிசெல்லோ பண்ணை வீட்டில் இருந்தார் என்ற பழைய காகிதச் சான்றுக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஆய்வகம் பத்திரத்தை வேலையிலிருந்து நீக்கவில்லை. சான்று வந்தபின்னும் மனசு மாறவில்லை என்பது வேறு: 2002இல் ஜெஃபர்சனின் வாரிசுகள் சங்கம் ஹெமிங்ஸ் வழியினரைத் தங்கள் குடும்ப இடுகாட்டு உரிமையில் சேர்க்க மறுத்துவிட்டது.

முன்னாள் அடிமைகள் குடும்பப்பெயரோடு பெருவாரியாக இடம்பெற்ற முதல் மக்கள்தொகைக் கணக்கு 1870இல் எடுத்தது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குப் பெயரே இல்லை. முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும். ஆக, கறுப்பின அமெரிக்கர் ஒருவர் 1870க்கு முன்னால் போக வேண்டுமென்றால், தன் மூதாதையை வைத்திருந்த நிலக்காரர் யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து அந்த நிலக்காரரின் உயில், மகளுக்கு அவர் கொடுத்த சீதனம், மருமகன் வீட்டுச் சொத்துப் பட்டியல் என்று போக வேண்டும். கார்ட்டர் மகள் ஹாரிசன் வீட்டுக்குப் போனபோது அவளோடு போன அடிமைகளைத் தேட, வம்சாவளிக்காரர் ஒரு வரியில் முடித்துவிட்ட அந்த மகள் கிளைதான் வழி.

ஆகவே கார்ட்டர் வம்சாவளியைப் புதிதாகப் பதிப்பிக்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான்: குடும்பப்பெயரை விட்டுவிட்டுப் பண்ணையை அலகாக எடுங்கள். கிங் கார்ட்டரின் சொத்துப் பட்டியலில் உள்ள பெயர்களையும் 1791 பத்திரத்தின் 452 பெயர்களையும் பின்னிணைப்பாகத் தள்ளாமல் மரத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். மகள்களின் கிளைகளை முழுவதுமாக எழுதுங்கள். வர்ஜீனியா நூலகம் அடிமைகள் தொடர்பான நீதிமன்ற ஆவணங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது; தேடும் வேலை முன்னைவிட எளிது. அந்தப் பெயர்கள் அச்சில் வராதவரை, ஒரு குடும்பத்தின் வம்சாவளி இன்னும் நூறு குடும்பங்களின் வழியை அடைத்துக்கொண்டே இருக்கும்.